எங்க செட்டு

என் மகள் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நோட்டும் பேனாவுமாக எதிரே வந்து உட்கார்ந்தாள். நம் ஆட்கள் தினமும் பேசுகிற ஒரு சாதாரண இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டு, அது எதற்கெல்லாம் புழங்குகிறது என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"நான் 'செட்டு' எடுத்திருக்கேன்மா. இங்கிலீஷ் டிக்‌ஷனரில இந்த ஒரு வார்த்தைக்கே பக்கம் பக்கமா போட்டிருக்கான். நம்மூர்ல எதுக்கெல்லாம் சொல்லுவாக, சொல்லு."

"அவன் எம்புட்டுப் பக்கம் போட்டா நமக்கென்ன? அதுல புரோட்டா இருக்கா பாரு" என்றேன்.

சிரித்துக்கொண்டே முதல் வரியில் எழுதினாள்: ரெண்டு புரோட்டா, ஒரு செட்டு. பிறகு நான் சொல்லச் சொல்ல எழுதினாள். அவள் அப்பா மோட்டார் மெக்கானிக். அன்றும் கான்சாபுரத்தில் ஒரு தோட்டத்துப் பம்பு செட்டைப் பார்க்கத்தான் போயிருந்தார். என் மாமனாரின் பல் செட்டு டம்ளர் தண்ணீரில் கிடந்தது. அவர் அதைப் போட்டுக்கொள்வது கறி எடுக்கிற அன்றைக்கு மட்டும். அடுத்த தெருவில் சடங்கு வீடு. விடிவதற்குள் செட்டுப் போட்டு, ஒலிபெருக்கி நம் வீட்டு ஜன்னலைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது. பாத்ரூமில் பூசிய சிமெண்டு செட் ஆகவில்லை, காலை வைக்காதே என்று காலையில்தான் கத்தியிருந்தேன். டெய்லர் தைத்த பிளவுஸ் செட் ஆகவில்லை. மேலத்தெருப் பெண்ணுக்கு வந்த வரன் செட் ஆகவில்லை. முக்கில் நாலு வெட்டிப் பயல்கள் சேர்ந்து நின்றால் அதுவும் ஒரு செட்டு.

பதினாலு ஆகிவிட்டது என்று எண்ணிச் சொன்னவள், "ஒண்ணை விட்டுட்டியேம்மா. செட் சேலை. நீங்கல்லாம் ஒரே மாதிரி எடுத்துக் கட்டுவீகள்ல" என்றாள்.

"அதெல்லாம் எழுத வேண்டாம். போய்க் கொடியில கிடக்கிற துணியை எடு, மழை வருது."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. என் வாய் அவளுக்குத் தெரியும். பேசாமல் எழுந்து போய்விட்டாள். போன வருஷம் அந்தச் செட் சேலையை வைத்து நான் என் தோழி ஒருத்தியை இழக்கப் பார்த்தேன். மகள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். எனக்கு வேலை ராஜபாளையத்தில், ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில். பதினோரு வருஷமாகப் போய் வருகிறேன். காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கான சாமான்களைப் பை பையாகப் போட்டு ஒட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். ஒரு பையில் சல்லடை மாதிரி நெய்த காஸ் துணி அஞ்சு, பஞ்சு ரெண்டு, சுருள் ஒன்று. அங்கே அதுதான் ஒரு செட்டு. நான் செக்கர். பையைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும், அஞ்சு இருக்கிறதா, நாலா என்று. ஒரு பையில் ஒன்று குறைந்தாலும் பண்டல் முழுவதையும் பிரித்து, கட்டினவள் மேஜையிலேயே கொண்டுபோய்க் கொட்டுவேன். "மகராசி கண்ணுல மாட்டிறாதீக" என்று என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

காலை ஏழேகால் டவுன் பஸ்ஸில் நாங்கள் ஆறு பேர் ஒன்றாகப் போவோம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. இருந்தாலும் பின்பக்கம் மூன்று சீட் எங்களுக்கு என்று ஆகிவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் ஊரையும் தெருவையும் வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். மூத்தவர் கூமாப்பட்டி அக்கா. இருட்டோடு கிளம்பி, ஒரு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, எங்களோடு இன்னொரு பஸ் ஏறுவார். அடுத்து சர்ச் தெருக்காரி. தினமும் பஸ் கிளம்பும்போது கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்வாள், எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்துத்தான். கல்யாணம் ஆகாத சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். அப்புறம் மடவார் வளாகத்துக்காரி.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே சீட். ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது என் வீட்டுக்காரருக்குப் பத்து நாள் சோறு அவள் வீட்டிலிருந்துதான் போனது. நான் கோபத்தில் வாயை விட்டால், "ஏட்டி, மூடு" என்று என்னிடம் சொல்லத் தைரியம் உள்ள ஒரே ஆள் அவள்தான்.

செட் சேலையைத் தொடங்கி வைத்ததே அவள்தான். கூமாப்பட்டி அக்கா மகளின் வளைகாப்புக்கு, "ஆறு பேரும் ஒரே சேலை கட்டிட்டுப் போவோம், அக்கா வீட்டு ஆளுகன்னு தெரியணும்ல" என்றாள். நிறத்தையும் அவளே பார்த்தாள். அரக்கு, பச்சை பார்டர். கறுப்பாக இருக்கிற எனக்கும், நல்ல சிவப்பாக இருக்கிற சர்ச் தெருக்காரிக்கும் ஒரே சேலை எப்படிப் பொருந்துமோ என்று நினைத்தேன். அம்புட்டு அழகாக இருந்தது. அதற்குப் பிறகு விசேஷத்துக்கு விசேஷம் நிறத்தை அவள் சொல்வாள், நான் கடைக்குப் போன் போட்டு ஆர்டர் கொடுப்பேன். "யூனிபார்ம் வந்துருச்சு, விசில் போடுங்க" என்பார் கண்டக்டர்.

போன வருஷம் பங்குனியில் அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார். குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். நாங்கள் எல்லாரும் போனோம். பதினாறாம் நாளும் போனோம். ஒரு மாதம் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். பூ இல்லை, பொட்டு இல்லை. சீட்டில் பழையபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். எங்களுக்குத்தான் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வருவது எங்கள் வழக்கம். அவள் முன்னால் அதை எப்படிப் பேசுவது? வாய் ஓயாத நானே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்னட்டி, ஊமையாகிட்ட?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, தலைவலி."

இரண்டு மாதமாகவா ஒருத்திக்குத் தலைவலிக்கும்?

ஆவணியில் சர்ச் தெருக்காரியின் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீடு ராஜபாளையம், அங்கே இருக்கிற சர்ச்சில் கல்யாணம். செட் சேலை எடுக்க வேண்டும். ஆறு பேர் இருந்த எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நான் அதைப் போடவில்லை. அஞ்சு பேரை மட்டும் சேர்த்துப் புதிதாக ஒரு குரூப் ஆரம்பித்தேன்.

சர்ச் தெருக்காரி அன்றைக்கே போன் போட்டாள். "மடவார் வளாகத்தை ஏன் சேக்கல?"

"வருசம் திரும்பலட்டி. அவகிட்டப் போயி, மஞ்சச் சேலை கட்டுதியான்னு கேக்கச் சொல்லுதியா? அவ மனசு என்ன பாடுபடும்? கல்யாணத்துக்கே வர மாட்டா பாரு."

"எங்க சபையில அப்படியெல்லாம் பாக்க மாட்டாகளே. விதவையும் வருவாக, முன்னால நின்னு பாடுவாக."

"உங்க சபை வேற, எங்க தெரு வேற. எனக்குத் தெரியும், விடு."

விட்டுவிட்டாள். மற்றவர்களும் நான் சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டார்கள். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். அஞ்சு சேலை ஆர்டர் கொடுத்தேன். அவள் மனசு நோகாமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் திருப்திகூட இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பஸ்ஸில் அவளே ஆரம்பித்தாள். "ஏட்டி, கல்யாணத்துக்கு என்ன கலரு? யாரும் வாயே தொறக்க மாட்டேங்கீக. கடைசி நேரத்துல சொன்னா பிளவுஸ் எப்படித் தைக்க?"

கூமாப்பட்டி அக்கா பையைத் திறந்து எதையோ தேடினார். சின்னப் பிள்ளைகள் போனைப் பார்த்தார்கள். சர்ச் தெருக்காரி என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ செட் சேலை வேண்டாம்னு விட்டுட்டோம்" என்றேன். "ஆளுக்கு ஒண்ணு இருக்கிறதைக் கட்டிக்கிடுவோம்னு."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு அவள் என் முகத்தையே செத்த நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

கல்யாணத்தன்று சர்ச்சில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அம்மா முன்வரிசையில், நாங்கள் நாலு பேர் அவளுக்குப் பின்னால். அஞ்சு மஞ்சள் சேலை. பாட்டு முடிந்து எல்லாரும் உட்காருகிற நேரத்தில் அவள் வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் சின்னதாக விபூதி, கையில் பரிசுப் பொட்டலம். கட்டியிருந்தது அரக்குச் சேலை, பச்சை பார்டர். வளைகாப்புக்கு எடுத்தோமே, அந்த முதல் செட் சேலை.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. இருக்கிறதைக் கட்டுவோம் என்று நான்தானே சொன்னேன். எங்கள் எல்லாரிடமும் இருப்பதில் முதலில் எடுத்தது, எல்லாருக்கும் பிடித்தது அதுதானே. நாங்களும் அதைத்தான் கட்டி வருவோம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதை இஸ்திரி போட்டு, பின் குத்தி, மடிப்பு கலையாமல் அவ்வளவு தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறாள்.

அவள் கண் எங்கள் பெஞ்சின் மேல் ஒரு தடவை போய் வந்தது. திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக வந்து, ஓரத்திலிருந்த சின்னப் பிள்ளையிடம் "நகரு" என்று சொல்லி எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். ஆராதனை முடிகிற வரைக்கும் யாரையும் பார்க்கவில்லை. மணப்பெண்ணின் கையில் பொட்டலத்தைக் கொடுத்து, கன்னத்தைத் தடவிவிட்டு, வெளியே நடந்தாள். நான் கேட் வரைக்கும் ஓடினேன்.

"ஏட்டி, சாப்பிடாமப் போகாத."

"வெயிலுக்கு முன்னால வீடு போய்ச் சேரணும்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவள் அந்த பஸ்ஸில் வரவில்லை. அதற்கு முந்தின மினி பஸ்ஸில் போனாள். கம்பெனியில் மத்தியானம் தையல் பிரிவுப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் வாரம் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன கொலையா செய்துவிட்டேன், அவள் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று வீட்டில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். இரண்டாவது வாரம் ஜன்னல் பக்கம் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம் கோபம் போய்விட்டது. பயம் வந்தது. இவள் இனி வரமாட்டாளோ என்ற பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மஞ்சள் சேலையைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு மடவார் வளாகத்துக்கு நடந்தேன். அவள் வாசலைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தாள். "வா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நான் பையை நீட்டினேன்.

"இது என்ன?"

"என் சேலை. நீ கட்டிக்கோ. எனக்கு மனசே சரியில்லட்டி."

வெளியே எடுத்துப் பார்த்தாள். பார்டரைத் தடவினாள். "நல்ல கலரு" என்றாள். பிறகு, "உன்னுதை எனக்குத் தந்துட்டா எத்தனை ஆகும்?" என்று கேட்டாள்.

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சொல்லு. செக்கர்தான நீ? அப்பவும் அஞ்சுதான."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் நான்..."

"என் மனசை எங்கிட்ட கேட்டியா?" அவள் குரல் உயரவே இல்லை. "வேண்டாம்னு சொல்ல வேண்டியவ நான். ஒருவேளை சொல்லியிருப்பேன். ஒருவேளை கட்டியிருப்பேன். அது என் பாடு. அவிய போனப்ப பூவை எடுத்தாக, பொட்டை எடுத்தாக. எங்க அண்ணன் வீட்டு விசேசத்துல என்னைய அடுப்படியில உக்கார வச்சாக. போகட்டும், வழக்கம்னு விட்டேன். பஸ்ஸுல ஏறுனா மட்டும்தான் நான் பழைய ஆளா இருந்தேன். அவிய செத்துட்டாக. நான் சாகலட்டி."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் அழவில்லை.

"ஒரு காஸ் துணி கொறஞ்சா பண்டலையே பிரிச்சுக் கொட்டுவ. நான் ஒருத்தி கொறஞ்சதை எப்படிட்டி பாஸ் போட்டு அனுப்புன?"

சேலையை மடிப்பு மாறாமல் மடித்துப் பையில் வைத்து என் மடியில் போட்டாள். "போ. இருட்டிரும்" என்றாள். மணி நாலுதான் ஆகியிருந்தது.

அன்றைக்கே ஆறு பேர் இருக்கிற பழைய குரூப்பில் எழுதினேன்: "எல்லாம் நான் செஞ்சது. மத்தவங்க மேல தப்பு இல்ல. பொய் சொன்னதும் நான்தான். மன்னிச்சிரு." அவள் பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது. பதில் வரவில்லை. கடைக்குப் போன் போட்டு அதே சேலை இன்னும் ஒன்று கேட்டேன். அந்த டிசைன் முடிந்துவிட்டது என்றார்கள். ராஜபாளையத்தில் ஏறாத கடை இல்லை. மஞ்சள் இருந்தால் பார்டர் வேறு, பார்டர் இருந்தால் மஞ்சள் வேறு. இனிமேல் அந்தச் சேலையை யாரும் கட்ட வேண்டாம் என்று பஸ்ஸில் சொன்னேன். "எம் பொண்ணு கல்யாணச் சேலைட்டி அது" என்று சொல்லி சர்ச் தெருக்காரி கண்ணைத் துடைத்தாள். அவள் சந்தோஷத்தையும் சேர்த்துத்தான் நான் கெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மினி பஸ் வரவில்லை. அவள் எங்கள் பஸ்ஸில் ஏறினாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் வழிவிட்டேன். உட்கார்ந்தாள். ராஜபாளையம் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கூமாப்பட்டி அக்காவிடம் பேசினாள், சின்னப் பிள்ளைகளைக் கேலி செய்தாள். என்னிடம் மட்டும் "நகரு", "இறங்கு", அவ்வளவுதான்.

கார்த்திகையில் கூமாப்பட்டி அக்கா, தை மாதம் மகன் கட்டின வீட்டுக்குப் பால் காய்ச்சப் போவதாகச் சொன்னார். பஸ்ஸில் யாரும் சேலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவள்தான் பேசினாள். "கலரு நான் பாக்கேன். இந்தத் தடவ கடைக்கும் நானே சொல்லிக்கிடுதேன்." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த மூன்று வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எத்தனை சேலை சொல்லியிருக்கிறாள் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. மற்றவர்கள் பிளவுஸ் தைப்பதைப் பற்றிப் பேசினால் காதை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வேன். அஞ்சு என்று வந்தால் என்ன செய்வது? எனக்கு அது வேண்டியதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் எங்கே, எப்போது, யார் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்து நினைத்து, பால் காய்ச்சுகிற அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவள் இதையெல்லாம் நாலு மாதம் பட்டிருக்கிறாள். நான் மூன்று வாரத்துக்கே நொந்துவிட்டேன்.

மார்கழியில் ஒரு காலை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் நாங்கள் அஞ்சு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் ஜவுளிக் கடைப் பையோடு வந்தாள். மற்றவர்கள் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. செங்கோட்டை போகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவர்களை விலக்கிவிட்டு வந்து, சணல் கட்டின பார்சலை அப்படியே என் மடியில் வைத்தாள்.

"நீதான செக்கரு. எண்ணு."

கட்டைப் பிரித்தேன். நாவல்பழ நிறம், கறிவேப்பிலைப் பச்சை பார்டர். ஒன்று, ரெண்டு என்று விரலை வைத்துப் புரட்டினேன். ஆறு வரைக்கும் வந்தது. கண்ணீர் மறைத்துக்கொண்டு வந்ததால் நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

"எம்புட்டுத் தடவட்டி எண்ணுவ?" என்றாள். "பஸ்ஸு வந்துருச்சு. ஏறு, சீட்டைப் பிடி."